யாருடைய கணிப்பை நம்புவது?

ஆண்டுதோறும் ஏப்ரல் மாத இறுதியில் அமெரிக்காவில் மூன்று நாட்கள் ஒரு விந்தையான விளையாட்டு நிகழ்ச்சி நடைபெறுகிறது. அங்கே பந்தும் இல்லை, ஆட்டமும் இல்லை. ஒருவர் மேடை ஏறி, கையிலுள்ள சீட்டைப் பார்த்து, ஓர் இளைஞனின் பெயரை வாசிக்கிறார். சிறிது நேரம் கழித்து இன்னொரு பெயர் வாசிக்கப்படுகிறது. முதல் நாள் இரவு மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் தொலைக்காட்சியில் இதைக் கண்டு களிக்கின்றனர். இதுவே என்.எப்.எல். என்னும் தொழில்முறைக் கால்பந்துச் சங்கத்தின் 'டிராப்ட்'.

எந்த இளைஞனை எந்த அணி எடுக்கும் என்று முன்கூட்டியே சொல்லும் இணைய தளங்கள் ஏராளம். ஒன்று சொல்வதை மற்றொன்று மறுக்கிறது. ஆனால் எல்லாமே உறுதியாகப் பேசுகின்றன. இவற்றுள் எதை நம்புவது? இதற்கு விடை காண விளையாட்டைப் பற்றிய அறிவு மட்டும் போதாது. அளவீடு, நிகழ்தகவு, சரிபார்த்தல் ஆகிய விஞ்ஞானக் கருவிகளும் வேண்டும். அவற்றை எவ்வாறு பயன்படுத்துவது என்று காண்போம்.

டிராப்ட் என்றால் என்ன?

இங்கே கால்பந்து என்பது நாம் அறிந்த கால்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்க ஆட்டம் அது. 1930களில் பணக்கார அணிகளே கல்லூரி ஆட்டக்காரர்களில் சிறந்தவர்களை எல்லாம் சேர்த்துக் கொண்டன. ஏழை அணிகள் தோற்றுக்கொண்டே இருந்தன. பிலடெல்பியா அணியின் உரிமையாளர் பெர்ட் பெல் 1935இல் ஒரு மாற்றுவழி கூறினார். சென்ற ஆண்டு கடைசியாக வந்த அணி முதலில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கட்டும். முதலாக வந்த அணி கடைசியில் எடுக்கட்டும் என்பதே அது. 1936 பிப்ரவரி 8ஆம் நாள் முதல் டிராப்ட் நடந்தது. 9 அணிகள் 81 பேரைத் தேர்ந்தெடுத்தன. முதலாவதாக எடுக்கப்பட்ட ஜே பெர்வாங்கர் என்.எப்.எல். ஆட்டம் ஒன்றில் கூட ஆடவில்லை என்பது வேடிக்கை!

இன்று 32 அணிகள், 7 சுற்றுகள், சுமார் 260 இளைஞர்கள். எத்தனையாவது ஆளாக எடுக்கப்படுகிறார் என்பதைப் பொறுத்தே ஒருவரின் முதல் நான்கு ஆண்டு ஊதியம் பெரும்பாலும் அமைகிறது. முதலில் வருபவருக்குக் கோடிக்கணக்கான டாலர். இறுதியில் வருபவருக்கு அதில் பத்தில் ஒரு பங்கு அளவே. ஆகவே இந்த வரிசை வெறும் பெருமைக்காக மட்டும் ஏற்பட்டதன்று.

இரு வேறு கேள்விகள்

கணிப்புத் தளங்களைப் படிப்போர் முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். 'இவர் எத்தனையாவதாக எடுக்கப்படுவார்?' என்பது ஒரு கேள்வி. 'இவர் சிறந்த ஆட்டக்காரராக விளங்குவாரா?' என்பது முற்றிலும் வேறான கேள்வி. முதல் கேள்விக்கு மூன்றே நாளில் விடை தெரிந்துவிடும். இரண்டாவதற்கு மூன்று நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

இந்த இரண்டும் எவ்வளவு விலகி நிற்கக் கூடும்? டாம் பிரேடி 2000ஆம் ஆண்டில் 199ஆவது ஆளாக எடுக்கப்பட்டார். பின்னர் ஏழு முறை 'சூப்பர் பவுல்' என்னும் இறுதிப் போட்டியில் வென்றார். பிராக் பர்டி 2022இல் எல்லோருக்கும் கடைசியாக, 262ஆவது ஆளாக எடுக்கப்பட்டார். இரண்டே ஆண்டுகளில் தம் அணியைச் சூப்பர் பவுல் வரை அழைத்துச் சென்றார்.

பொருளியல் அறிஞர்களான கேட் மாஸி, ரிச்சர்டு தேலர் இருவரும் பல ஆண்டு டிராப்ட்களை ஆராய்ந்தனர். ஒரே பொறுப்பில் ஆடும் இருவரில் முன்னதாக எடுக்கப்பட்டவர், அடுத்து எடுக்கப்பட்டவரைவிடச் சிறப்பாக விளங்கும் வாய்ப்பு எவ்வளவு? நூற்றுக்கு 50க்குச் சற்றே மேல்! அதாவது காசைச் சுண்டிப் பார்ப்பதைவிடக் கொஞ்சம் தான் மேல். சம்பளத்துக்கு ஆள் வைத்துத் தேடும் அணிகளின் நிலையே இது. 'இவர் நிச்சயம் நட்சத்திரம்' என்று ஒரு தளம் எழுதினால் நாம் எந்த அளவு நம்பலாம் என்பது இதிலிருந்து விளங்கும்.

நல்ல தளம் இந்த இரு கேள்விகளையும் பிரித்தே வைக்கும். அணிகளின் எண்ணத்தை ஊகிக்கும் பட்டியலுக்கு 'மாக் டிராப்ட்', அதாவது ஒத்திகைத் தேர்வு என்று பெயர். எழுதுபவர் தாமே திறமையை மதிப்பிட்டு அமைப்பது தரவரிசைப் பட்டியல். இரண்டையும் கலந்து எழுதும் தளத்தில் எது ஊகம், எது மதிப்பீடு என்று நமக்குத் தெரியாமல் போய்விடும்.

நிறுத்து கடிகாரம் சொல்லும் கதை

டிராப்ட்டுக்கு முன் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இளைஞர்கள் 'கம்பைன்' என்ற சோதனை முகாமுக்கு அழைக்கப்படுகின்றனர். 1987 முதல் இது இண்டியானாபொலிஸ் நகரில் நடந்து வருகிறது. 40 கஜம், அதாவது 36.58 மீட்டர் ஓட்டம், நின்ற இடத்திலிருந்து மேலே தாவுதல், நீளத் தாவுதல், 102 கிலோ எடையைப் படுத்தவாறு தூக்குதல் முதலிய சோதனைகள் உண்டு.

ஓட்ட நேரத்தைப் பற்றித் தளங்கள் நிறைய எழுதுகின்றன. ஆனால் அந்த நேரம் எவ்வாறு அளக்கப்பட்டது? கல்லூரியில் ஒருவர் கையில் நிறுத்து கடிகாரத்துடன் நின்று அளந்தால், ஓடுபவன் அசைந்ததைக் கண்ட பிறகே அவர் விரல் பொத்தானை அழுத்தும். கண் கண்டதை விரல் செய்ய ஏறத்தாழ 0.2 விநாடி ஆகும். முடிவுக் கோட்டிலோ, ஓடுபவன் நெருங்கி வருவதைக் கண்டு விரல் முன்னதாகவே தயாராக இருக்கும். ஆகவே கையால் அளந்த நேரம் உண்மையைவிடக் குறைவாகவே வரும். முடிவுக் கோட்டை நெருங்கும் வேகத்தில் 0.1 விநாடி என்பது ஏறத்தாழ ஒரு மீட்டர் தூரம். கல்லூரியில் கையால் அளந்ததையும், முடிவுக் கோட்டில் மின்னணுக் கருவி நிற்கும் முகாமில் அளந்ததையும் ஒரே பட்டியலில் கலப்பது, படியால் அளந்த அரிசியையும் தராசில் நிறுத்த அரிசியையும் ஒப்பிடுவது போன்றது.

அளவு சரியாக இருந்தாலும் அது எதைக் காட்டுகிறது என்பது அடுத்த கேள்வி. 2017இல் ஜான் ராஸ் 4.22 விநாடியில் ஓடி அந்நாள் வரையிலான சாதனையை முறியடித்தார். 9ஆவது ஆளாக எடுக்கப்பட்டார். ஆனால் எதிர்பார்த்த புகழை அவர் எட்டவில்லை. பிரேடி 2000இல் ஓடியதோ 5.28 விநாடி! குஸ்மிட்ஸ், ஆடம்ஸ் என்ற இரு ஆராய்ச்சியாளர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், முகாம்ச் சோதனைகளுக்கும் பிற்கால ஆட்டத்துக்கும் நிலையான தொடர்பு எதையும் காணவில்லை. பந்தை ஏந்தி ஓடும் ஆட்டக்காரர்களின் ஓட்ட நேரம் மட்டுமே இதற்கு விலக்கு. வேகம் தேவையில்லை என்று இதற்குப் பொருளன்று. முகாமுக்கு வருவோர் ஏற்கனவே வடிகட்டி எடுக்கப்பட்டவர்கள்; அங்கே எல்லோருமே வேகமானவர்கள். அவர்களுக்குள் சிறந்தவரைப் பிரித்தறிய வேறு குணங்கள் தேவைப்படுகின்றன.

கணிப்புக்கு மதிப்பெண்

கணிப்பாளர்களுக்கு மதிப்பெண் போட முடியுமா? முடியும். வழி காட்டியவர் கிளென் பிரையர் என்ற அமெரிக்க வானிலை அறிஞர். மழை வருமா என்று கூறுபவர்களைச் சோதிக்க 1950இல் அவர் ஒரு முறையை வெளியிட்டார். அதன் எளிய வடிவம் இது: நடந்தால் 1, நடக்காவிட்டால் 0 என்று கொள்க. கணிப்பாளர் கூறிய நிகழ்தகவுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை வர்க்கப்படுத்துக. சராசரி எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்ல கணிப்பு.

நான்கு இளைஞர்கள் முதல் சுற்றில் எடுக்கப்படுவார்களா என்பது கேள்வி எனக் கொள்வோம். 'அ' என்ற தளம் ஒவ்வொருவருக்கும் 95 சதவிகிதம் என்கிறது. 'ஆ' என்ற தளம் 80 சதவிகிதம் என்கிறது. மூவர் எடுக்கப்பட்டனர், ஒருவர் எடுக்கப்படவில்லை. 'அ'வின் பிழைகள் 0.0025 மூன்று முறை, 0.9025 ஒரு முறை; சராசரி 0.2275. 'ஆ'வின் பிழைகள் 0.04 மூன்று முறை, 0.64 ஒரு முறை, சராசரி 0.19. உரத்துப் பேசிய 'அ' தோற்றது. அடக்கமாகப் பேசிய 'ஆ' வென்றது. எதுவும் தெரியாமல் எல்லாவற்றுக்கும் 50 சதவிகிதம் என்பவருக்குக் கூட 0.25 கிடைக்கும். அதைவிடச் சிறப்பாகச் செய்யாதவரைக் கணிப்பாளர் என்று சொல்லத் தேவையில்லை.

ஓர் ஆண்டு வென்றதை மட்டும் வைத்து முடிவு கட்டலாகாது. 1,024 பேர் ஆளுக்குப் பத்து முறை காசைச் சுண்டினால், பத்திலும் தலையே விழுந்த ஒருவர் சராசரியாக இருக்கவே செய்வார். அவர் காசு சுண்டுவதில் வல்லவர் அல்லர். நூற்றுக்கணக்கான மாக் டிராப்ட்களில் ஆண்டுதோறும் ஒன்று முதலில் வந்தே தீரும். பல ஆண்டுகள் தொடர்ந்து முன்வரிசையில் நிற்பவரே கவனிக்கத் தக்கவர்.

பலர் சொன்னால் சரியாகுமா?

1907இல் பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கில அறிஞர் ஒரு சுவையான செய்தியை வெளியிட்டார். பிளிமத் நகரச் சந்தையில் ஒரு காளையின் இறைச்சி எடையை ஊகிக்கும் போட்டியில் 787 பேர் எழுதித் தந்த ஊகங்களை வரிசைப்படுத்தி நடுவில் நின்ற எண்ணைப் பார்த்தார். அது 1,207 பவுண்டு. உண்மை எடை 1,198 பவுண்டு! பலருடைய ஊகங்களைச் சேர்த்தால் தனித்தனிப் பிழைகள் ஒன்றையொன்று ஈடு செய்துவிடுகின்றன.

இதே கருத்தில், பல மாக் டிராப்ட்களைத் தொகுத்துப் பொதுக் கருத்தைக் காட்டும் தளங்கள் தோன்றியுள்ளன. 'என்.எப்.எல். மாக் டிராப்ட் டேட்டாபேஸ்' இவ்வகையைச் சேர்ந்தது. தொடங்குவோருக்கு இது நல்ல இடம் எனலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை தேவை. காளையின் எடையை ஊகித்தவர்கள் ஒருவர் சீட்டை மற்றவர் பார்க்கவில்லை. டிராப்ட் கணிப்பாளர்களோ ஒருவரை ஒருவர் படிக்கின்றனர்; அணிகள் கசியவிடும் ஒரே செய்தியையே பலரும் கேட்கின்றனர். போட்டி அணிகளை ஏமாற்ற வேண்டுமென்றே பொய்ச் செய்தி பரப்புவதும் உண்டு. ஆகவே தவறும்போது எல்லோரும் சேர்ந்தே தவறுகின்றனர்.

2025இல் இதுவே நிகழ்ந்தது. பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் 'குவார்ட்டர்பேக்' பொறுப்புக்கு வந்த ஷெடூர் சாண்டர்ஸ் முதல் சுற்றிலேயே எடுக்கப்படுவார் எனப் பல கணிப்பாளர் எழுதினர். முதல் நாள் கடந்தது. இரண்டாம் நாளும் கடந்தது. ஐந்தாம் சுற்றில், 144ஆவது ஆளாகக் கிளீவ்லண்டு அணி அவரை எடுத்தது. அவருக்கு முன் வேறு ஐந்து குவார்ட்டர்பேக்குகள் எடுக்கப்பட்டிருந்தனர். நூறு குரல் ஒரே வாயிலிருந்து வந்தால் அது ஒரே குரல் தான்.

பணம் எங்கிருந்து வருகிறது?

2018இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பின் பல மாநிலங்களில் விளையாட்டுப் பந்தயம் சட்டபூர்வமாயிற்று. அதன் பிறகு பந்தய நிறுவனங்களின் விளம்பரத்தால் வாழும் விளையாட்டுத் தளங்கள் பெருகின. வாசகர் பணம் கட்டினால் தளத்துக்கும் பங்கு கிடைக்கும் ஏற்பாடும் உண்டு. அத்தகைய தளத்துக்கு நிதானமான சொல் இலாபம் தராது; 'நிச்சயம்' என்ற சொல்லே இலாபம் தரும். கணிப்பின் ஓரத்தில் பந்தய அழைப்பு இருந்தால், அதைப் படிப்பவர் தம் பணப்பையை மூடி வைப்பதே அறிவுடைமை.

எதற்கு எந்தத் தளம்?

முகாமின் அளவுகளுக்கும் அதிகாரபூர்வமான முடிவுகளுக்கும் என்.எப்.எல். தளமே மூலம். பழைய டிராப்ட்களில் யார் என்ன ஆனார் என்று ஆராய விரும்புவோருக்குப் 'புரோ புட்பால் ரெபரன்ஸ்' என்ற தளம் புதையல். 1936 முதல் எல்லா ஆண்டுப் பட்டியல்களும் அங்கே உள்ளன. ஆட்டக்காரர்களை நேரில் கவனித்து விரிவாக எழுதும் வல்லுநர்களில் 'தி அத்லெடிக்' தளத்தின் டேன் புருக்ளர் பெயர் பெற்றவர். ஆனால் அதற்குச் சந்தா செலுத்த வேண்டும்.

புதிய தளம் ஒன்றைக் கண்டால் ஐந்து கேள்விகள் கேளுங்கள். கணிப்பு வெளியான தேதி குறிக்கப்பட்டுள்ளதா? சென்ற ஆண்டுகளின் கணிப்புகள் அழிக்கப்படாமல் உள்ளனவா? அளவுகள் எங்கே, எப்படி எடுக்கப்பட்டன என்று சொல்லியுள்ளதா? உறுதி எவ்வளவு என்று எண்ணால் கூறுகிறதா? அதன் வருவாய் எங்கிருந்து வருகிறது? முதல் இரண்டுக்கும் 'இல்லை' என்று விடை வந்தால் மற்றவற்றைக் கேட்கவே தேவையில்லை. தேதியில்லாத கணிப்பைச் சோதிக்க இயலாது. சோதிக்க இயலாதது விஞ்ஞானத்தில் சேராது.

தேதியைக் கவனிக்க இன்னொரு காரணமும் உண்டு. டிராப்ட் அன்று காலையில் எழுதியதையும் ஓராண்டு முன் எழுதியதையும் ஒரே தராசில் நிறுக்கலாகாது. பின்னதில் பிழை மிகுவது இயல்பே.

மாணவர்கள் இதை ஒரு செயல்முறைப் பயிற்சியாகவே செய்து பார்க்கலாம். மூன்று தளங்களைத் தேர்ந்தெடுங்கள். டிராப்ட்டுக்கு முதல் நாள் ஒவ்வொன்றின் கணிப்பையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். நான்காவதாக உங்கள் சொந்தக் கணிப்பையும் நிகழ்தகவுடன் எழுதுங்கள். முடிவு வந்த பின் பிரையர் முறைப்படி மதிப்பெண் போடுங்கள். மூன்று நான்கு ஆண்டுகள் தொடர்ந்து செய்தால் யார் சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு என்பது தானே புலப்படும். தேர்தல் முடிவையோ சந்தை விலையையோ அடித்துச் சொல்பவர்களை எடை போடவும் இதே நோட்டுப் புத்தகம் போதும்.