உங்களுக்குத் தெரியுமா? கோடையில் முட்டை ஓடு மெலிவது ஏன்?

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. சித்திரை வெயிலில் நாமக்கல் பண்ணைக் கொட்டகைகள் தகிக்கும்போது, அலகைத் திறந்து மூச்சிரைத்துத்தான் அது உடல் சூட்டைப் பெரிதும் தணித்துக்கொள்ள வேண்டும். விடாமல் இரைக்கையில் ரத்தத்திலிருந்து கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறிவிடுகிறது. முட்டை ஓட்டின் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். அந்தக் கார்பனேட் உருவாவதோ இதே கரியமில வாயுவிலிருந்துதான்! சூடு தாங்காமல் கோழி தீவனத்தையும் குறைத்துக்கொள்வதால் கால்சியமும் போதாமல் போகிறது. எளிதில் விரிசல் விடும் ஓடு, சிறுத்த முட்டை. கடும் வெப்ப அலையில் கோழிகள் செத்தே விழுகின்றன, பாவம். விவரமறிந்த பண்ணையாளர்கள் கூரைமேல் நீர் தெளித்து, தீவனத்தை விடியலிலும் வெயில் தாழ்ந்த பிறகும் வைக்கிறார்கள். குடிநீரில் சமையல் சோடா கலப்பதும் உண்டு. இழந்த பைகார்பனேட்டை அது ஓரளவு ஈடுகட்டும்.