உங்களுக்குத் தெரியுமா? லினக்ஸுக்கு எவ்வளவு ஸ்வாப்?

2022 மார்ச் கடைசியில் இலங்கை முழுவதும் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. உடுப்பிட்டியில் பழைய மடிக்கணினியும் களைத்துப்போன பற்றரியும் வைத்திருப்பவருக்கு அப்படியான நாட்களில் கைகொடுப்பது ‘ஹைபர்நேட்’. ரேமில் திறந்து கிடக்கும் கடிதம், கணக்கு அனைத்தையும் வட்டில் எழுதிவிட்டுக் கணினி முழுதாக அணையும். பற்றரி தீர்ந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். லினக்ஸ் அவற்றை எழுதிவைக்கும் இடம்தான் ஸ்வாப். ஆகவே ஹைபர்நேட் தேவையென்றால் ரேமின் அளவுக்குக் குறையாத ஸ்வாப் வையுங்கள். இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

தேவையில்லையா? அப்போது ரேம் நிரம்பினால் வழிவதைத் தாங்கத்தான் ஸ்வாப்; 8 ஜிபி ரேமுக்கு 4 ஜிபி தாராளம். ‘ரேமைப் போல இரண்டு மடங்கு’ என்ற கணக்கு ரேம் மெகாபைட்டில் இருந்த காலத்தது. இன்று 2 ஜிபி கணினிகளுக்கே அது பொருந்தும்.

2017இல் வந்த உபுண்டு 17.04 முதல், புதிதாக நிறுவும்போது ஸ்வாப் பொதுவாக ஒரு கோப்பாகவே அமைகிறது. வட்டை மறுபடி பிரிக்காமலே பிறகு கூட்டிக்கொள்ளலாம். 2020இல் ஃபெடோரா 33 வேறு வழியில் போனது: ரேமுக்குள்ளேயே தரவைச் சுருக்கிவைக்கும் ‘இசட்ரேம்’. வேகமானது, ஆனால் மின்சாரம் போனால் அதிலுள்ளதும் போய்விடும், ஹைபர்நேட்டுக்கு உதவாது.

டெர்மினலில் ‘ஃப்ரீ’ (free) கட்டளை கொடுத்தால் ஸ்வாப் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று தெரியும். கணினி திணறும் வேளைகளில் அது எப்போதும் நிரம்பியே இருந்தால், வாங்க வேண்டியது கூடுதல் ரேம்.