முழுப்பேர்

ஊவாத் தோட்டங்களிலே ‘பேர்’ என்றால் ஒரு நாட் சம்பளம். கொழுந்தின் நிறை குறைந்தால் ‘அரைப்பேர்’. மனிதன் பெயரையே பாதியாக்கும் கணக்கு! 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டமோ அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று.

இலங்கைத் தோட்டத் தமிழரிடை 1854இல் தொடங்கிய கிறிஸ்தவப் பணியும் ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்றே பெயர் பூண்டிருந்தது. ஆயினும் அது கொணர்ந்த வேதத்தில், படைத்த கர்த்தர் தம் மக்களைப் பெயர் சொல்லி அழைத்ததாக ஏசாயா உரைக்கிறார்.

இறையாளுகையை நம்புவது தலைவிதிக்குத் தலைகுனிவதன்று. அவ்வாறு போதிப்பது துரைக்கு வசதியான வேதாந்தம். கர்த்தரே அரசர் எனின், துரையும் சட்டமும் அவருக்குக் கீழ்ப்பட்டவையே. கண்டி ஆயராயிருந்த லியோ நாணயக்கார, 1972இல் அப்பதவியை விட்டுப் பதுளையின் முதல் ஆயராக இம்மலைகளுக்கு வந்தார்.

அரசின் ஏட்டில் பெயரேறப் பலர் 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருந்தனர். அவர்களுள் திருமுழுக்குப் பெற்றோரின் பெயர்கள் கோயில் ஏட்டில் முன்னரே முழுதாக இருந்தன.