மேற்குக் காற்றுக்குக் காத்திருக்கும் மேடு

இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில், வேல்ஸ் எல்லையை ஒட்டி, லாங் மிண்ட் என்ற மேட்டுநிலம் வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கிறது. உச்சியின் உயரம் 516 மீட்டர். மேற்குப் பக்கச் சரிவு சட்டென்று இறங்கும். 1934இல் தொடங்கப்பட்ட மிட்லண்ட் கிளைடிங் கிளப்பின் ஓடுதளம் இந்த மேட்டின் தலையிலேயே இருக்கிறது. மேற்கிலிருந்து பலத்த காற்று வந்தால் இங்கே வேலை சூடுபிடித்துவிடும்.

கிளைடருக்கு எஞ்சின் கிடையாது. பயிற்சிக்குப் பரவலாகப் பயன்படும் ஏ.எஸ்.கே. 21 என்ற இரட்டை இருக்கைக் கிளைடருக்கு 17 மீட்டர் இறக்கை, வெற்று எடை சுமார் 360 கிலோ. அசையாத காற்றில் அது எப்போதும் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். ஆனால் மெதுவாக, விநாடிக்கு ஒரு மீட்டருக்கும் குறைவாக. சரிவில் மோதும் காற்று போக வழியின்றி மேலே ஏறுகிறது. அது விநாடிக்கு இரண்டு மீட்டர் ஏறினால், அதற்குள் இறங்கும் கிளைடர் கணக்குப்படி உயரே போகும். அந்தக் காற்று நிற்கும்வரை மேட்டின் விளிம்பை ஒட்டி மணிக்கணக்கில் போய்வரலாம். 1911 அக்டோபர் 24 அன்று அமெரிக்காவின் கில் டெவில் ஹில்ஸ் மணற்குன்றில் ஆர்வில் ரைட் இப்படித்தான் 9 நிமிடம் 45 விநாடி காற்றில் நின்றார். ஏறக்குறைய பத்தாண்டுகள் அதை யாராலும் மிஞ்ச முடியவில்லை.

லாங் மிண்டில் கிளைடரை மேலேற்ற வழக்கமாக, நீண்ட கம்பியைச் சுருட்டி இழுக்கும் விஞ்ச் எந்திரம்தான். ஆனால் காற்று பலமாக இருக்கும் நாளில் லாங் மிண்ட்காரர்கள் ரப்பர் கயிற்றை எடுப்பார்கள். வேறெங்கும் ஏறக்குறைய மறைந்துபோன பழைய முறை இது. நான் அறிந்த வரையில் இவ்வளவு அழகான புறப்பாடு வேறில்லை. கயிற்றின் நடுவிலுள்ள வளையத்தைக் கிளைடரின் மூக்குக் கொக்கியில் மாட்டுகிறார்கள். இரு முனைகளையும் பிடித்து இரண்டு அணிகள் சரிவை நோக்கி விரிந்து நிற்கின்றன. வாலை ஒருவர் இழுத்துப் பிடித்திருக்கிறார், இறக்கை நுனியை இன்னொருவர். “நட” என்றதும் நடக்கிறார்கள், “ஓடு” என்றதும் ஓடுகிறார்கள். கயிறு முறுக்கேறியதும் வால் விடுபடுகிறது. ஏ.எஸ்.கே. 21 பறக்க மணிக்கு சுமார் 65 கி.மீ. வேகம் வேண்டும். எதிர்க்காற்றே 40 தந்துவிட்டால் மீதி 25தான். அதை ரப்பரும் மனிதக் கால்களும் கொடுத்துவிடும். ஓடியவர்களின் தலைக்கு மேலே கிளைடர் போகும்போது கயிறு கழன்று விழும். சில விநாடிகளில் கிளைடர் சரிவின் ஏறுகாற்றில் இருக்கும்.

மேலே போனதும் மீறக்கூடாத விதி ஒன்று உண்டு: திருப்பம் எப்போதும் மேட்டுக்கு எதிர்ப்பக்கம், காற்றை நோக்கித்தான். மேட்டின் பின்பக்கம் போகக் கூடாது. வாய்க்காலில் கிடக்கும் கல்லைத் தாண்டிய தண்ணீர்போல, அங்கே காற்று சுழன்று கீழே அமுக்கும். மேற்கே வேல்ஸ் மலைகளைத் தாண்டி வரும் காற்றும் சில நாட்களில் பெரிய அலைகளாகிவிடும். அலை மேலெழும் பக்கத்தைப் பிடித்தவர்கள் மேட்டை விட்டு வெகு உயரம் போய்விடுவார்கள்.

எனக்குக் கடினமாகத் தோன்றுவது இறக்கம்தான். தரையை உரசும் காற்று வேகம் குறைந்து போகும். இறங்கும் கிளைடர் அந்த மெதுவான அடுக்குக்குள் நுழைந்ததும் எதிர்க்காற்று திடீரென்று தளர்ந்து, இறக்கையின் பிடிமானம் குறையும். அதனால் வழக்கமான வேகத்தோடு காற்றின் வேகத்தில் பாதியைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். அமைதியான நாளில் 95 கி.மீ. வேகத்தில் இறங்குபவர் 40 கி.மீ. காற்றில் 115 வைத்துக்கொள்வார்.

சக்கரம் தரையில் நின்ற பிறகும் விமானி உடனே வெளியே வரக் கூடாது. எடை குறைந்தால் காற்று கிளைடரைப் புரட்டிவிடலாம். இறக்கையின் ஏற்றத்தைக் குறைக்கும் ஏர்பிரேக்குகளைத் திறந்துவைத்து உள்ளேயே காத்திருக்க வேண்டும். தோழர்கள் ஓடிவந்து காற்றுப் பக்க இறக்கை நுனியை அழுத்திப் பிடித்து, பழைய டயர் ஒன்றை அதன்மேல் போட்ட பிறகுதான் அவர் இறங்கலாம். அடுத்த கிளைடருக்குக் கயிறு இழுக்க ஆள் வேண்டும். அவரும் அந்த அணியில் சேர்ந்துகொள்வார்.