எக்லே: பெயருக்குள் ஒரு கொலை

லித்துவேனியாவில் கிறிஸ்துமஸ் மரத்தை ‘எக்லுதே’ என்பார்கள். எக்லே என்ற பெண்ணைச் செல்லமாகக் கூப்பிடுவதும் அப்படித்தான். எக்லே என்றால் ஸ்ப்ரூஸ், பனிக்காலத்திலும் பச்சை மாறாத ஊசியிலை மரம். அந்த மரத்தின் பெயர் பெண்ணுக்கு வந்து சேர்ந்ததற்குப் பின்னால் ‘பாம்புகளின் ராணி எக்லே’ என்ற நாட்டார் கதை இருக்கிறது. 1837இல் அது அச்சேறியது.

குளித்துக் கரையேறிய எக்லேயின் சட்டைக் கைக்குள் ஒரு பாம்பு சுருண்டு கிடக்கிறது. கட்டிக்கொள்வதாக வாக்குக் கொடுத்தால்தான் நகர்வேன் என்கிறது. பாம்புப் படை பெண் கேட்டு வந்ததும் வீட்டார் வாத்து, ஆடு, மாடு என்று மாற்றி மாற்றி அனுப்பி ஏமாற்றப் பார்க்கிறார்கள். குயில் காட்டிக்கொடுத்துவிடுகிறது. கடைசியில் எக்லேயையே அனுப்புகிறார்கள். கடலுக்கடியில் பாம்பு ஜில்வினாஸ் என்ற அழகிய இளைஞனாகிறது. மூன்று மகன்கள், ஒரு மகள் பிறக்கிறார்கள். பல வருடம் கழித்துப் பிள்ளைகளோடு பிறந்த வீட்டுக்கு வருகிறாள் எக்லே. அவளைத் திருப்பி அனுப்ப மனமில்லாத பன்னிரண்டு சகோதரர்களும், தகப்பன் பெயரைச் சொல்லச் சொல்லிப் பிள்ளைகளை அடிக்கிறார்கள். மகன்கள் வாய் திறக்கவில்லை. கடைக்குட்டி திரெபுலே சொல்லிவிடுகிறாள். சகோதரர்கள் கரையில் நின்று அந்தப் பெயரைக் கூப்பிட்டு, வந்தவனை நீள்பிடி அரிவாள்களால் வெட்டிச் சாய்க்கிறார்கள். பிறகு எக்லே கூப்பிட்டபோது ரத்த நுரைதான் வருகிறது. மகன்களை ஓக், ஆஷ், பிர்ச் மரங்களாக்கி, மகளை ஆஸ்பென் மரமாகச் சபித்து, தானும் ஸ்ப்ரூஸாகிவிடுகிறாள்.

இது பழைய பாம்பு வழிபாட்டின் எச்சம் என்பார்கள் நாட்டாரியலாளர்கள். இருக்கட்டும். கவிஞர் சலோமேயா நேரிஸ் 1940இல் கதையைக் காவியமாக்கினார். பலாங்கா பூங்காவில் எக்லேக்குச் சிலையும் உண்டு.

என் கவலை திரெபுலே பற்றி. ஆஸ்பென் இலையின் காம்பு தட்டையானது. லேசான காற்றுக்கே இலை படபடக்கும். அந்தப் படபடப்பை அடிக்குப் பயந்த ஒரு குழந்தைக்குத் தண்டனையாக்கிவிட்டது கதை. வெட்டிய தாய்மாமன்களுக்கோ ஒரு கீறலும் இல்லை. தங்கை விரும்பிய வாழ்க்கையை அழித்தவர்கள் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள், அடிபட்டவள் காலமெல்லாம் நடுங்குகிறாள். எக்லேயும் ஜில்வினாஸும் இன்றும் பிள்ளைகளுக்குச் சூட்டும் பெயர்கள். ஓக் மரத்தின் பெயரான ஆஜுவோலாஸையும் வைக்கிறார்கள். அந்த வரிசையில் திரெபுலே இடம்பிடிக்கவில்லை. இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறவர்கள், அவளை அடித்தது யார் என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும்.