வெளியூர் வீட்டில் வேர்க்கடலை பிஸ்கோத்து

கங்காதர நெல்லூர் வட்டாரத்தை விட்டு அலுவல் நிமித்தம் வெளி மாநிலங்களில் குடியேறியவர்களுக்கு, ஊரிலிருந்து வரும் உறவினர் வழக்கமாகக் கொண்டுவரும் பொருள்கள் இரண்டு: வேர்க்கடலை, வெல்லம். 1911-இல் அமைந்த சித்தூர் மாவட்டம் 1953-இல் ஆந்திர மாநிலத்தைச் சேர்ந்தது. தமிழர் வேர்க்கடலை என்பதைத் தெலுங்கர் வேருசெனக என்பர். இரு மொழியிலும் வேர் ஒன்றே. இவ்விரு பொருள்களோடு ஓட்ஸும் சேருமாயின், மின்சார அடுப்பில்லாத இல்லத்திலும் நல்ல பிஸ்கோத்துகள் செய்யலாம்.

முதலில் கடலையைச் சோதித்தல் வேண்டும். தில்லியில் ஒரு மழைக்காலத்தில், ஊரிலிருந்து வந்த கடலை மூட்டையை நாங்கள் ஈரச் சுவரோரம் வைத்துவிட்டோம். பிரித்தபோது பூஞ்சண வாடை வீசிற்று. வறுத்தால் சரியாகிவிடும் என்றே நானும் எண்ணினேன். அது பிழை. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. அவை தின்ற கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சணம் உண்டாக்கிய நஞ்சே காரணம் என ஆய்வாளர் கண்டனர். அஃப்ளடாக்சின் எனப்படும் அந்நஞ்சு கல்லீரலில் புற்றுநோயை உண்டாக்க வல்லது. வறுத்தாலும் சுட்டாலும் முற்றிலும் அழியாது. ஆதலின் சுருங்கியவை, நிறம் மாறியவை, கசப்பவை ஆகியவற்றைத் தயங்காது நீக்குக. மூட்டை முழுதும் வாடை வீசினால் முழுவதையும் எறிந்துவிடுக.

இனி செய்முறை. ஓட்ஸ் 100 கிராம், கோதுமை மாவு 60 கிராம், வறுத்துத் தோல் நீக்கி ஒன்றிரண்டாகப் பொடித்த கடலை 60 கிராம், சமையல் சோடா கால் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, சிறிது ஏலப்பொடி ஆகியவற்றைக் கலந்துகொள்க. வெண்ணெய் 75 கிராமையும் வெல்லத்தூள் 75 கிராமையும் நன்கு குழைத்து அதனுடன் சேர்த்து, பால் தெளித்துப் பிசைக. எலுமிச்சையளவு உருண்டைகளாக்கித் தட்டையாக அழுத்தி, நெய் தடவிய தட்டில் இடைவெளி விட்டு அடுக்குக.

கனமான பாத்திரத்தில் ஓரங்குல உயரம் உப்பைப் பரப்பி, நடுவே ஒரு தாங்கியை வைத்து மூடிப் பத்து நிமிடம் சூடேற்றுக. பின்னர் தட்டைத் தாங்கியின் மேல் வைத்து மூடி, சிறு தீயில் இருபது முதல் இருபத்தைந்து நிமிடம் சுடுக. ஓரம் பொன்னிறமானால் இறக்கலாம். அப்போது நடுப்பகுதி மெத்தென்றிருப்பது கண்டு மேலும் சுடவேண்டா. உருகிய வெல்லம் ஆறும்போது இறுகுவதாலேயே மொறுமொறுப்பு உண்டாகிறது.

வெல்லம் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்ப்பதால், நன்கு ஆறிய பின்னரே பிஸ்கோத்துகளை இறுக மூடும் டப்பாவில் இடவேண்டும். கடலை ஒவ்வாதார்க்கு இதனைக் கொடுத்தல் கூடாது. ஊரிலிருந்து வந்த பொருள் என்னும் பாசம் நன்றே. அப்பாசத்தினால் கெட்ட கடலையைக் குழந்தைகளின் தட்டில் வைத்துவிடாதிருப்போமாக.