பைபாஸ் தேவையா? கம்ப்யூட்டர் சொல்லுமா?

சோழபுரத்தில் என் பெரியப்பா புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கினார். இன்டர்நெட் இணைப்பு வந்த வாரமே, இதய நோய் வருமா என்று கணக்கிடும் பக்கம் ஒன்றில் வயது, பிரஷர், கொலஸ்ட்ரால் எல்லாம் டைப் செய்து பார்த்திருக்கிறார். 'ஆபத்து குறைவு' என்று பச்சை நிறத்தில் வந்தது. மாடிப்படி ஏறும்போது நெஞ்சை இறுக்கியதை வாயு என்று நினைத்து நான்கு மாதம் ஓட்டிவிட்டார். பிறகு மதுரையில் ஆஞ்சியோகிராம் எடுத்தால் மூன்று ரத்தக் குழாய்களில் அடைப்பு! பைபாஸ் முடிந்து இப்போது நலமாக இருக்கிறார். "ஏம்ப்பா, கம்ப்யூட்டர் கூடவா தப்பாச் சொல்லும்?" என்று என்னைக் கேட்டார்.

அவர் கேட்ட கேள்வி வேறு, அது பதில் சொன்ன கேள்வி வேறு. இப்படிப்பட்ட கணக்குகள் பெரும்பாலும் எந்த அறிகுறியும் இல்லாதவர்களுக்கானவை. அடுத்த 10 ஆண்டுகளில் நோய் வர எவ்வளவு வாய்ப்பு என்பதைத்தான் சொல்லும். 'நெஞ்சு இறுக்குகிறதா?' என்று அந்தப் பக்கம் அவரைக் கேட்கவே இல்லை.

சரி, கம்ப்யூட்டர் எப்படிக் கணிக்கிறது? அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் மருத்துவமனை நோயாளிகள் 303 பேரின் விவரங்கள், பெயர்கள் நீக்கப்பட்டு, 1988 முதல் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் எக்ஸெலிலேயே திறந்து பார்க்கலாம். ஒரு நோயாளிக்கு ஒரு வரிசை. வயது, பிரஷர், கொலஸ்ட்ரால், நெஞ்சுவலியின் வகை என்று 13 பத்திகள். கடைசிப் பத்தியில் விடை: ஆஞ்சியோகிராமில் பாதிக்கு மேல் அடைப்பு இருந்ததா, இல்லையா.

புரோகிராம் ஒவ்வொரு பத்திக்கும் ஒரு மதிப்பெண் கொடுத்து விடையை ஊகிக்கும். கடைசிப் பத்தியோடு ஒப்பிட்டு, தவறினால் மதிப்பெண்களைக் கொஞ்சம் மாற்றும். இப்படியே ஆயிரக்கணக்கான தடவை. பிறகு, அது பார்க்காத சில வரிசைகளைக் கொடுத்துப் பரீட்சை வைப்போம்.

இங்கே ஒரு வேடிக்கை. 303 பேரில் 164 பேருக்கு அப்படி அடைப்பு இல்லை. எல்லோருக்கும் 'இல்லை' என்றே சொல்லும் முட்டாள் புரோகிராம்கூட 54 சதவீதம் மார்க் வாங்கிவிடும்! ஆனால் அடைப்பு உள்ள 139 பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிடும். அதனால், யாராவது '90 சதவீதம் சரி' என்று விளம்பரம் செய்தால், தவறவிட்ட 10 பேர் யார் என்று கேளுங்கள்.

யாருடைய விவரங்களைப் படித்தது என்பதும் முக்கியம். அந்த 303 பேரில் பெண்கள் 97 பேர்தான். நம் நாட்டில் இதய நோய் இளம் வயதிலேயே வருகிறது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அப்போலோ மருத்துவமனை, மைக்ரோசாஃப்டுடன் சேர்ந்து 2018ல் இந்தியர்களுக்கென்றே ஒரு கணிப்பு முறையைக் கொண்டுவந்ததற்கு இதுதான் காரணம். சுமார் 4 லட்சம் பேரின் விவரங்கள், 21 அம்சங்கள்.

இதுவும் நோய் வரும் வாய்ப்பைத்தான் சொல்கிறது. பைபாஸா, ஸ்டென்டா என்பது வேறு கணக்கு. அதற்கு ஆஞ்சியோகிராம் படம் வேண்டும். அடைப்புகள் எங்கே, எத்தனை, எவ்வளவு சிக்கல் என்று பார்த்து 'சின்டாக்ஸ்' என்ற மதிப்பெண் போடுவார்கள். 1800 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2009ல் வெளியானது. 33க்கு மேல் போனவர்களுக்குப் பைபாஸே நல்ல பலன் தந்தது. பல குழாய்களில் அடைப்போடு சர்க்கரை நோயும் இருந்தால் பைபாஸ் பக்கமே தராசு சாய்கிறது என்று 2012ல் வேறொரு ஆய்வு காட்டியது. வீட்டில் உட்கார்ந்து டைப் செய்யும் எந்த எண்ணிலும் இந்தப் படம் கிடையாது.

பெரியப்பாவுக்கு எக்ஸெலில் ஒரு ஷீட் போட்டுக் கொடுத்திருக்கிறேன். தேதி, பிரஷர், சர்க்கரை, மாத்திரை, நெஞ்சு இறுக்கம் வந்ததா, எப்போது, எத்தனை நிமிடம். செக்கப்புக்குப் போகும்போது பிரின்ட் எடுத்துக்கொண்டு போகிறார். டாக்டர் முதலில் பார்ப்பது அந்தக் கடைசிப் பத்திகளைத்தானாம்.